புவியீர்ப்பு முடுக்கம்: இதுல 'முடுக்கம்'னா என்ன?

புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/செகண்ட் ஸ்கொயர்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணிருப்போம், ஆனா முடுக்கம்ங்கற வார்த்தைய நின்னு பாத்தவங்க கம்மி. வண்டி மாட்ட முடுக்குறதுன்னா என்ன, ஓடிட்டிருக்கற மாட்ட இன்னும் வேகமா ஓட வைக்கறது. 'பணிகளை முடுக்கிவிட்டார்'னு பேப்பர்ல வர்றதும் அதே தான். வேர்ச்சொல் முடுகு, அதாவது விரையறது. தொல்காப்பியம் சொல்ற 20 வண்ணத்துல (பாட்டோட ஓசை வகைகள்) முடுகு வண்ணமும் ஒண்ணு, ஓட்டமா போற ஓசை.

அதனால முடுக்கம்னா வேகம் இல்ல, வேகம் எவ்ளோ சீக்கிரம் ஏறுதுங்கறது. 20 மீட்டர் உயர தென்னைல இருந்து தேங்கா விழுதுன்னு வைங்க (காத்துத் தடைய விட்ருங்க). விடுபட்ட நொடில வேகம் சைபர், ஒரு செகண்ட் கழிச்சு செகண்டுக்கு 9.8 மீட்டர் வேகம், தரைக்கு வரும்போது ரெண்டு செகண்ட் ஆயிருக்கும், வேகம் 20 கிட்ட, மணிக்கு 71 கிலோமீட்டர்! ஒவ்வொரு செகண்டுக்கும் 9.8 கூடிட்டே போகுது பாருங்க, அதனால தான் யூனிட்ல செகண்ட் ரெண்டு தடவ வந்து 'செகண்ட் ஸ்கொயர்' ஆகுது.

கிராவிட்டிங்கற சொல் லத்தீன் 'கிராவிஸ்'ல இருந்து வந்தது, கனமானதுன்னு அர்த்தம். நாம கனத்த விட்டுட்டு இழுக்கறத பாத்து ஈர்ப்புன்னு வச்சோம், என்னக் கேட்டா இது தான் சரி, ஏன்னா கனம்னு சொன்னாலே கனமான பொருள் முதல்ல விழும்ங்கற தப்பு எண்ணம் வந்துடும். 1971ல அப்பல்லோ 15ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல ஒரு சுத்தியலயும் இறகயும் ஒண்ணா விட்டாரு, ரெண்டும் ஒண்ணாவே விழுந்துச்சு. அங்க முடுக்கம் 1.6 தான், ஆனா ரெண்டுக்கும் ஒரே 1.6. ஈர்ப்பு விசை வேற, அது நிறைக்கு ஏத்த மாதிரி மாறும், முடுக்கம் மாறாது. இந்த ரெண்டயும் தயவுசெஞ்சு குழப்பிக்காதீங்க.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்ல முடுக்கத்துக்கு ஆர்முடுகல்னு பேரு, வேகம் கொறஞ்சா அமர்முடுகல். அமர்ந்து அடங்குற முடுகல், எவ்ளோ அழகான ஜோடி! நம்ம பக்கம் எதிர்முடுக்கம்னு சொல்றோம், எனக்கு அவங்க சொல் தான் பிடிச்சிருக்கு.

ஒரு பந்த மேல தூக்கிப் போடுங்க. ஏறும்போது அமர்முடுகல், எறங்கும்போது ஆர்முடுகல், உச்சில ஒரு கணம் வேகம் சைபர், ஆனா அந்தக் கணத்துலயும் பூமி அத 9.8லயே கீழ முடுக்கிட்டு தான் இருக்கு.