பதுங்குகுழிச் சேறும் படைவீரன் பாதமும்

1914 ஆகஸ்ட் 1. ஜெர்மனி படைதிரட்ட உத்தரவு போட்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பிரிட்டனும் பிரான்ஸும் ஒதுங்கிக்கொள்ளக்கூடும் என்று லண்டனிலிருந்து ஒரு தந்தி வருகிறது. அப்படியானால் மொத்தப் படையையும் ரஷ்யா பக்கம் திருப்பிவிடலாமே என்கிறார் பேரரசர் வில்ஹெல்ம். முடியாது என்று மறுக்கிறார் தலைமைத் தளபதி மோல்ட்கே. எந்தப் பிரிவு, எந்த ரயிலில், எந்தத் தடத்தில் போகவேண்டும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்ட திட்டம் அது. நடுவில் கைவைத்தால் எல்லைக்குப் போய்ச் சேருவது படையாக இருக்காது, வெறும் கும்பலாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். சில மணி நேரத்தில் அந்தத் தந்தியே தவறான புரிதல் என்று தெரிந்தது. ஆனாலும் முதல் உலகப் போர் எப்படி மூண்டது என்பதை இந்த ஒரு உரையாடல் போல வேறெதுவும் எனக்கு விளக்கியதில்லை.

ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆஸ்திரியா செர்பியா மீது பாய்ந்தது. செர்பியாவுக்காக ரஷ்யா படைதிரட்டியது. இங்கேதான் சிக்கல். பரந்த நாடான ரஷ்யா தயாராக வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் புகுந்து ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை ஆறே வாரத்தில் முடித்துவிடலாம் என்பது ஜெர்மனியின் கணக்கு. ரஷ்யாவுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் ஜெர்மனிக்கு நஷ்டம். பேச்சுவார்த்தைக்கு அவகாசம் கொடுப்பதே ஆபத்து என்று தளபதிகள் நினைத்தார்கள். பேராசையும் பயமும் எல்லாத் தலைநகரங்களிலும் இருந்தன. நிதானிக்க நேரமில்லாமல் செய்தது இந்தக் கால அட்டவணை. ஆகஸ்ட் 4 அன்று பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்தது. அன்றே பிரிட்டனும் போரில் இறங்கியது.

செப்டம்பரில் பிரான்ஸின் மார்ன் ஆற்றங்கரையில் அந்தக் கணக்கு பொய்த்தது. இயந்திரத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் முன்னால் திறந்த வெளியில் நிற்க முடியாது என்றானதும் இரு தரப்பும் மண்ணைத் தோண்டி இறங்கின. சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை சுமார் 700 கிலோமீட்டருக்குப் பதுங்குகுழிகள். தாக்குகிறவன் முள்கம்பியைத் தாண்டி நடந்து வரவேண்டும். காக்கிறவனுக்கோ உதவிப்படை ரயிலில் வந்து இறங்கிவிடும். அதனால்தான் போர்முனை வருடக்கணக்கில் பெரிதாக நகரவே இல்லை.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் அடியில் களிமண். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. இருந்த வடிகால்களையும் குண்டுகள் உடைத்துவிட்டன. வீரர்கள் முழங்கால் தண்ணீரில் காவல் நின்றார்கள்.

நாற்று நடுகிறவர்களும் சேற்றில்தான் நிற்கிறார்கள், அவர்களுக்கு வருவது சேற்றுப்புண்தானே என்று தோன்றலாம். இந்த வீரர்களுக்கு வந்த ‘பதுங்குகுழிப் பாதம்’ (trench foot) என்ற நோய் வேறு. இங்கே குளிர் சேர்ந்துகொள்கிறது. பாதம் ஈரத்திலேயே இருந்தால் உடல் வெப்பம் அதன் வழியே வெளியேறும். அதைத் தடுக்க உடல் பாதத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. தண்ணீர் உறையவேண்டிய அவசியமில்லை. 10 டிகிரிக் குளிரே போதும். மணிக்கணக்கில் ரத்தம் குறைந்தால் நரம்பும் சதையும் ஆக்சிஜன் இல்லாமல் கெடத் தொடங்கும். நடந்தால் ரத்தம் ஓடும். தலையைத் தூக்கினால் சுடுவார்கள் எனும்போது எங்கே நடப்பது? இறுக்கமான பூட்ஸும் காலில் சுற்றிய துணிப்பட்டியும் நனைந்து மேலும் இறுக்கின.

முதலில் கால் மரத்துப்போகும், அதனால் ஆபத்து தெரியாது. வெதுவெதுப்பான இடத்துக்கு வந்து ரத்தம் திரும்பப் பாயும்போதுதான் கால் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும் அளவுக்கு வலிக்கும். அப்புறம் கொப்புளம். முற்றினால் சதை கறுத்து அழுகி, விரலையோ பாதத்தையோ வெட்டி எடுக்கவேண்டி வரும். பிரான்ஸில் பிரிட்டிஷ் படையில் மட்டும் இதனாலும் பனிக்கடியாலும் சுமார் 75,000 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். முதல் குளிர்காலத்தில் அங்கே இந்திய வீரர்களும் இருந்தார்கள். பலர் வெப்ப நாட்டுச் சீருடையோடு வந்து இறங்கியவர்கள்.

மருந்து எதுவும் கைகொடுக்கவில்லை. பலன் தந்தவை எளிய காரியங்கள்தான்: குழியின் தரையில் மரப்பலகை, ஒரே பிரிவைச் சில நாள்களுக்கு மேல் முன்வரிசையில் வைக்காத சுழற்சி, தினமும் காய்ந்த காலுறை, பாதத்தில் திமிங்கல எண்ணெய். வீரர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் பாதத்தை மற்றவர் தேய்த்துவிட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. ஒரு பிரிவில் இந்த நோய் அதிகமானால் அதிகாரி பதில் சொல்லவேண்டும் என்றாக்கினார்கள். பாதிப்பு கணிசமாகக் குறைந்தது.