பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இயேசுவைப் பற்றிப் பேசும் முன்

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா ஒரு சாயங்காலம் நேராக எங்கள் சபைக்கு வந்துவிட்டார். கையில் சின்னதாக பைபிளின் புதிய ஏற்பாடு ஒன்று, மகளின் ஸ்கூல் பையில் கணக்கு நோட்டுக்கு அடியில் இருந்ததாம். அவர் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவர், கட்டை விரலில் நார் அறுத்த தழும்பு இருந்தது. சத்தம் எதுவும் போடவில்லை. "சாமி எல்லாம் ஒண்ணுதான் தம்பி, அதுக்காக வரல. எங்கிட்ட சொல்லாம எதுக்குக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தது நான்தான். "வீட்ல காட்டாத, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொன்னதும் நான்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வடசென்னையில், வியாசர்பாடியிலும் அதைச் சுற்றியும், 14 வருடமாக வாலிபர் ஊழியம் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடம் முதலில் சொல்வது அந்த அம்மாவின் கேள்வியைத்தான். ஒரு பிள்ளை தன் வீட்டில் மறைக்க வேண்டிய எதையும் நாம் அதன் கையில் கொடுக்கக் கூடாது. இயேசுவை அறிவிப்பது ஒளித்து வைத்துச் செய்கிற காரியம் இல்லை.

நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மத நம்பிக்கையைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, இது நம் ஊழியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 28-வது பிரிவை அவ்வளவு பேர் படிப்பதில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் படிக்கிற யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் மத போதனையில் உட்காரவைக்கக் கூடாது, பிள்ளை மைனர் என்றால் பாதுகாவலர் சம்மதிக்க வேண்டும் என்கிறது அது. பள்ளிக்குச் சொன்ன அந்த நியாயம் தெருவுக்கும் சரிதானே! எங்கள் குழுவில் இப்போது யாராவது பிள்ளை இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் மூன்றாவது வாரம் நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவோம், நாங்கள் யார், என்ன பேசுகிறோம், எத்தனை மணிக்கு முடியும் என்று எல்லாம் சொல்லிவிடுவோம். சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள். அதோடு விட்டுவிடுவோம். ஞானஸ்நானம் பற்றி 18 வயதுக்கு முன் பேச்சே எடுப்பதில்லை.

அப்புறம், இந்தப் பிள்ளைகளின் நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ஒரே அறை வீடு, காசிமேட்டில் மீன் எடுக்க விடியும் முன்னே கிளம்பிப் போகிற அம்மா, நல்ல மழை பெய்தால் தண்ணீர் நின்றுவிடும் கணேசபுரம் சுரங்கப்பாதை, தெருமுனையில் மாவா என்கிற புகையிலைப் பாக்கு, இப்போது போதைக்கு வலி மாத்திரையும். இதற்கு நடுவில்தான் அவர்கள் கால்பந்தும் கேரமும் ஆடுகிறார்கள், அதுவும் அற்புதமாக. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த வடசென்னைப் பெண்தான், ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆட்டம் பார்க்கப் போங்கள், தோற்றவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஞாயிறு பள்ளி என்பதே 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஆரம்பித்தபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுத்துக் கற்றுக்கொடுத்த இடம்தான். பசியும் படிப்பும் அன்றைக்கே நம் கணக்கில் இருந்தன. ஆனால் பிரியாணிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பதிலாக "இயேசுவை ஏத்துக்கிட்டேன்னு கையைத் தூக்கு" என்று கேட்டால் அது உதவி இல்லை, விலை.

முகாம்களின் கடைசி இரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளக்கைக் குறைத்து, கீபோர்டை மெதுவாக வாசித்து, இன்று இரவே செத்தால் எங்கே போவாய் என்று 14 வயதுப் பிள்ளையிடம் கேட்பது. நானும் கேட்டிருக்கிறேன். அழுவார்கள், முன்னால் ஓடி வருவார்கள், நாமும் எண்ணிக்கை எழுதிக்கொள்வோம், மூன்று வாரம் கழித்து அவர்களில் பாதிப் பேர் நம்மைப் பார்த்தால் வேறு சந்தில் திரும்பிப் போய்விடுவார்கள். பயம் சீக்கிரம் ஆறிவிடும். "ஜெபம் பண்ணு, பத்தாவதுல 450 வரும்" என்று சொல்வதும் அப்படித்தான், 310 வந்த பிள்ளை கடவுள் தன்னைக் கைவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒரு பெண் தினமும் முழுக்கைச் சட்டையில் வந்தாள். அந்த வெயிலில்! மூன்றாம் நாள் எங்கள் குழுவின் அக்காவிடம், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். அக்கா செய்யவில்லை. "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், யார்கிட்டன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்" என்றாள். பிறகு அந்தப் பெண் கையைக் காட்டினாள், பிளேடு கீறல்கள். அம்மாவிடம் பேசி, மூன்று பேருமாக அரசு மருத்துவமனைக்குப் போனார்கள், வரிசையில் நிற்கும்போது அக்கா ஜெபமும் செய்தாள். மன அழுத்தத்தை விசுவாசக் குறைவு என்றோ பிசாசு என்றோ தயவுசெய்து சொல்லாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசும். பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம், சபையின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பதும் குற்றம்தான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ஊழியர்கள் எல்லோரின் போனிலும் இருக்கட்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காராதீர்கள், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

சரி, அப்படியானால் விசுவாசத்தை எப்போதுதான் சொல்வது? அவர்கள் கேட்கும்போது. கேட்பார்கள். போன வருடம் ஜனவரியில் ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான்: "அண்ணா, எங்க பாட்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க. ஏசுவைத் தெரியாமலே செத்துட்டாங்க. நரகமா அவங்களுக்கு?" பாட்டிதான் அவனை வளர்த்தவர். முன்பெல்லாம் தயாராக ஒரு வசனம் வைத்திருப்பேன். அன்று, "அந்தத் தீர்ப்பு சொல்ற இடத்துல நான் உட்கார மாட்டேன்டா, அது கடவுளோட இடம். அவர் உங்க பாட்டிய உன்னைவிட நல்லா தெரிஞ்சவர்" என்றேன். பாட்டி எப்படிப்பட்டவர் என்று கேட்டேன், வெகுநேரம் பேசினான். அதற்கப்புறம்தான் லாசருவின் கல்லறை முன்னால் இயேசு அழுத கதையைச் சொன்னேன், நண்பன் செத்ததற்கு அழுதவர் அவர், அதனால்தான் நான் அவரை நம்புகிறேன் என்று. "சாமி அழுவுமா?" என்றான். அதைத் தானே படித்துப் பார்க்க வேண்டும் என்றான்.

அம்மாவிடம் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். மறுநாளே வந்துவிட்டான். "அம்மா சரின்னுட்டாங்க அண்ணா, ஆனா பரீட்சை முடிஞ்சப்புறம்தானாம்." ஏப்ரல் வரைக்கும் அந்தப் புத்தகம் அவன் பெயர் எழுதி என் மேஜையில்தான் இருந்தது.