ஏரோ படிக்கவில்லை என்றால் ராக்கெட் பக்கம் போக முடியாதா? யார் சொன்னது?

விண்வெளி வேலையைப் பற்றிக் கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால் எங்களைப் போன்ற இன்ஜினியர்கள் முடிந்தவரை போய்விடுவோம். பேசி முடித்ததும் முதலில் எழும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "சார், நான் ஏரோ (விமானம், விண்கலம் பற்றிய பொறியியல் படிப்பு) எடுக்கவில்லை, எனக்கு இனி ராக்கெட் வேலைக்கு வாய்ப்பே இல்லையா?" இதுவரை அங்கேயே பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் சமீபத்தில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி வாங்கிய 'விண்வெளிப் பயிற்சி' சான்றிதழைக் காட்டி, இதை வைத்து எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். யாரும் கூப்பிட மாட்டார்கள் அம்மா. அந்தத் தாளுக்கு இஸ்ரோவின் எழுத்துத் தேர்வில் அரை மார்க்கூடக் கிடையாது.

இஸ்ரோவின் சயின்டிஸ்ட்/இன்ஜினியர் பணிக்கான அறிவிப்பை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலான இடங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்குத்தான். சிவில், எலெக்ட்ரிக்கல், ஏன், ஏர் கண்டிஷனிங்குக்குக்கூடத் தனியாக ஆள் எடுத்திருக்கிறார்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணனும் அதே மெக்கானிக்கல் டிப்ளமோதான். ஏரோஸ்பேஸில் அவர் முனைவர் பட்டம் வாங்கியது வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்து. ஏரோ படிக்காதே என்று நான் சொல்லவில்லை. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சிவன் சார் சென்னை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் படித்தவர்தான். அது ஒரு வாசல், அவ்வளவுதான். அந்த ஒரு வாசலைக் காட்டி மற்ற எல்லாரையும் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

என் வேலை கிரையோ வால்வுகளில், அதாவது ராக்கெட்டின் கடுங்குளிர் எரிபொருளைத் திறந்து மூடும் வால்வுகளில். அதனால் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது 2021 ஆகஸ்ட் 12 அன்று ஏவிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 ராக்கெட்டின் கதை. முதல் இரண்டு கட்டமும் ஒழுங்காக எரிந்தன, கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் மேல் கட்டமான கிரையோஜெனிக் கட்டம் மட்டும் எரியவில்லை, செயற்கைக்கோள் போய்விட்டது. காரணம் என்ன? திரவ ஹைட்ரஜன் தொட்டியின் ஒரு வால்வில் கசிவு, அதனால் தொட்டியில் அழுத்தம் போதவில்லை. கசிவுக்குக் காரணம் அந்த வால்வுக்குள் இருந்த மென்மையான சீலில் (கசியாமல் அடைக்கும் வளையம் போன்ற பாகம்) ஏற்பட்ட சேதம். மைனஸ் 253 டிகிரியில் ஒரு சீல் எப்படிச் சுருங்கும், பொருத்தும்போது எவ்வளவு இறுக்கலாம், துளி அழுக்கு உள்ளே போனால் என்ன ஆகும், இதையெல்லாம் பார்க்க மெட்டீரியல்ஸ் தெரிந்தவர் வேண்டும், வேதியியல் தெரிந்தவர் வேண்டும், கையில் ஸ்பானர் பிடித்துப் பழகிய டெக்னீஷியனும் வேண்டும். (நல்ல வெல்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.)

சரி, என்ன செய்ய வேண்டும்? இஸ்ரோ பெயரையோ நாசா பெயரையோ சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால் இஸ்ரோவின் அந்தந்த மையத்தின் அதிகாரப்பூர்வ தளத்தைப் பாருங்கள், துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கி விண்ணப்பியுங்கள். நாசாவின் நேரடி வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். அதைச் சொல்லாமல் 'நாசா வழிகாட்டல்' என்று கட்டணம் வாங்குபவரை நம்பாதீர்கள். மதிப்பெண் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள், அறிவிப்பில் முதலில் வடிகட்டுவது அதில்தான். அப்புறம் தெர்மோடைனமிக்ஸையும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸையும் பரீட்சைக்கு முந்தின இரவு படித்து மறக்காதீர்கள், நேர்காணலில் அடிப்படையைத்தான் குடைவார்கள்.

பெற்றோர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பணம் கட்டுவதற்கு முன் கல்லூரிக்குப் பேச வந்த யாராவது ஒரு இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் காசு வாங்காமல் பதில் சொல்வோம்.

அடுத்த முறை நான் வரும்போது ஏரோவா இல்லையா என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே. அந்த எஃப்-10 விசாரணையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று இஸ்ரோ வெளியிட்டதைப் படித்துவிட்டு வந்து, அந்த வால்வைப் பற்றிக் கேளுங்கள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பேசுகிறேன்.