பத்திரம் பதிவானால் வீடு கட்டிவிடலாமா? கடற்கரை மனை தேடும் வெளிமாநிலத்தவருக்கு

"ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்துவிட்டது சார், பட்டாவும் என் பெயருக்கு மாறிவிட்டது. பிளான் அப்ரூவல் மட்டும்தான் பாக்கி."

பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் உட்கார்ந்துகொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கியவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வந்து இதைச் சொல்கிறார்கள். அந்த "மட்டும்தான்" என்ற சொல்லைக் கேட்டாலே வங்கி மதிப்பீட்டாளருக்குத் தலைவலி வந்துவிடும். பாக்கி இருப்பதுதான் முழு விஷயமும்.

பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறது. விற்பவர், வாங்குபவர், சாட்சிகள், முத்திரைத் தீர்வை, தடை செய்யப்பட்ட சர்வே எண்களின் பட்டியல், முக்கியமாக இவற்றைத்தான் அங்கே பார்ப்பார்கள். அந்த மண்ணில் செங்கல் வைக்கலாமா என்று சார்பதிவாளர் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் அல்ல. பட்டா, வருவாய்த் துறை கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று சொல்லும் தாள். வில்லங்கச் சான்று, பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல். சொத்து வரி ரசீது, வரி கட்டியதற்கு ரசீது. இந்த நான்கையும் அடுக்கி வைத்தாலும் கட்டுமான அனுமதி ஆகாது. கடலையும் உப்பங்கழியையும் ஒட்டி எங்கே, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் விதிதான் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (சி.ஆர்.இசட்). அந்தச் சொல் இவற்றில் எதிலும் வராது. நாற்பது ஆண்டு வில்லங்கம் போட்டாலும் வராது.

சந்தேகம் இருப்பவர்கள் கொச்சி மரடு வழக்கைத் தேடிப் படியுங்கள். அங்கே குடியிருந்தவர்களிடம் பத்திரம், வரி ரசீது, வங்கிக் கடன் எல்லாம் இருந்தன. பஞ்சாயத்து கட்டட அனுமதிகூடக் கொடுத்திருந்தது. கடலோர மண்டல ஆணையத்தின் இசைவு மட்டும் இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. கவனியுங்கள், அவை நின்றது கடற்கரையில் அல்ல, காயல் ஓரத்தில்.

இங்கேதான் அடுத்த தவறு. "மனை ரோட்டுக்கு மேற்கே இருக்கிறது, கடலிலிருந்து 600 மீட்டர். சி.ஆர்.இசட் வராது" என்று தரகர் சொல்வார். கடலைப் பார்த்து அளந்தவர் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டுக்காடு, இடையன்திட்டு, மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி என்று இந்தக் கரை நெடுக மேற்கே உப்பங்கழி இருக்கிறது. அவற்றோடு சேரும் இடங்களில் பக்கிங்காம் கால்வாயிலும் ஓதநீர், அதாவது அலையேற்றத்தில் கடலிலிருந்து வரும் நீர், ஏறும். அலையேற்றம் எட்டும் நீர்நிலைகளுக்கும் இந்த விதி உண்டு. மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட் அறிவிக்கைப்படி கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கையில் அந்த 100 என்பது 50 ஆனது. கோடையில் அந்த நீரின் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கைத் தாண்டுகிறதா என்பதுதான் அலையேற்றத்தின் எல்லையைத் தீர்மானிக்கும் அளவுகோல். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் ஓடும் ஓடையாகத் தெரிவது வரைபடத்தில் உப்பங்கழியாக இருக்கும்.

கடல் பக்கமும் எளிதல்ல. 2011 அறிவிக்கையில் ஊரகக் கடற்கரைக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. 200 முதல் 500 மீட்டர் வரையிலும் மீனவக் கிராமம் போன்ற, உள்ளூர் மக்களின் மரபுரிமை சார்ந்த குடியிருப்புக்குத்தான் வழி. அதுவும் 9 மீட்டர் உயரம், இரண்டு தளம். 2019 அறிவிக்கை, மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2161-ஐத் தாண்டும் இடங்களில் 200-ஐ 50 ஆக்கியது. அந்த மாவட்டத்தின் கடலோர மேலாண்மைத் திட்டம் புதிய அறிவிக்கைப்படி ஒப்புதல் பெற்றிருந்தால்தான் அந்த 50 உங்களுக்கு உதவும். உயர் அலைக் கோடு என்பது நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்த ஈர மணல் அல்ல, அது வரைபடத்தில் உள்ள கோடு. உங்கள் சர்வே எண்ணை 1:4000 கடலோர வரைபடத்தின் மேல் பொருத்தி அறிக்கை தர அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. கட்டணம் கட்டி வாங்குங்கள். தரகர் மொபைலில் காட்டும் கூகுள் மேப்பில் அளந்து பார்ப்பது அளவே அல்ல.

பக்கத்து மனையை விட விலை பாதியாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம் அல்ல. பெரும்பாலும் மேலே சொன்னதுதான் காரணம்.

அல்லது நிலத்தின் வகை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் ஏராளம். பட்டியல் சாதியினரைத் தவிர வேறு யாருக்கும் அவை கைமாற முடியாது. மாறினால் கிரயம் செல்லாது. கோயில் நிலம், பூமிதான நிலம், உப்பளம், மேய்க்கால் புறம்போக்கு என்று இன்னும் உண்டு. இவை தெரியும் இடம் வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு, கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கணக்கு. அது தமிழில் இருக்கும். தமிழ் படிக்கத் தெரியாத வெளியூர்க்காரர் என்றால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

"பாண்டிச்சேரி பீச் வில்லா" என்ற விளம்பரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. எந்தப் பதிவு அலுவலகம், எந்த ரெரா (மனை, வீடு விற்பனையைக் கண்காணிக்கும் ஆணையம்), எந்தத் திட்டக் குழுமம் என்பதெல்லாம் இதை வைத்துத்தான். தவிர, புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புக்குப் பிறகு மணல் தெற்கிலேயே தேங்கி, வடக்குக் கரை அரிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. ஒரு ஊரைக் காக்கக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. கடல் பார்த்த மனைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் இதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

இனி பணம். 80 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி வரம்புப்படி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 64 லட்சம் கடன். கையிலிருந்து 16 லட்சம் போதும் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். தமிழ்நாட்டில் மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 7.2 லட்சம். இதை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். ஆக 23.2 லட்சம் கையில் வேண்டும். வங்கி மதிப்பீடு 70 லட்சம் என்று வந்தால் கடனும் அதன் மேல்தான். மீதியும் உங்கள் தலையில். அதற்கு மதிப்பீட்டாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. வெறும் மனைக்கு வங்கிகள் இதைவிடக் குறைவாகவே தரும். குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்டவும் சொல்லும். அப்ரூவல் இல்லாமல் எதைக் கட்டுவீர்கள்?

58 வயதில் வாங்குகிறீர்களா? 20 ஆண்டுத் தவணைக் கணக்கை மறந்துவிடுங்கள். 9 சதவீத வட்டியில் 64 லட்சத்துக்கு 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 57,600. 70 வயதில் முடிக்க 12 ஆண்டு என்றால் சுமார் 72,800. ஓய்வூதியத்தில் இது வருமா என்று முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க விவசாயியாக இருக்கத் தேவையில்லை, வெளிமாநிலத்தவருக்கும் தடையில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்கள் மட்டும் அதை விலைக்கு வாங்கக் கூடாது. "ஃபார்ம் பிளாட்" என்று பெயர் மாற்றினாலும் பண்ணை வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தடை.

கட்டிய வீட்டை வாங்குபவர்கள் புதுப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், மேல்நிலைத் தொட்டியின் அடிப்பக்கம் மூன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று உள்ளே பொள்ளலாகக் கேட்டால் கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் தட்டவே வேண்டாம். இதற்குக் காரணம் உப்புக் காற்று மட்டுமல்ல, கட்டும்போது ஊற்றிய போர் தண்ணீரும்தான். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் காங்கிரீட் தர விதி சொல்வது எம்30 வலிமைக் காங்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன். ஊர் வழக்கப்படி 25 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்து எம்20 போட்டு முடித்துவிடுகிறார்கள். நீங்கள் புதிதாகக் கட்டினால் ஒப்பந்தத்தில் இந்த எண்களை எழுதுங்கள். காங்கிரீட் போடும் நாளில் கவர் பிளாக்கை ஸ்கேல் வைத்து அளந்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

தண்ணீரை டிசம்பரில் குடித்துப் பார்த்து "இனிப்பா இருக்கு" என்று அட்வான்ஸ் கொடுப்பவர்களை என்ன சொல்வது? மே மாதம் வாருங்கள். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேல் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு சுமார் 40 மீட்டர் ஏறும் என்பது பாடநூல் கணக்கு. ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வராது, உப்புதான் வரும். ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டார், விட்டு விட்டு இறைப்பது. வேறு வழியில்லை.

வீட்டுக்குக் காப்பீடு எடுங்கள். தானே, நிவர், மாண்டஸ், ஃபெஞ்சல் புயல்கள் எல்லாம் இந்தக் கரையில்தான் ஏறின. காப்பீட்டுத் தொகை கட்டடத்துக்கு மட்டும். மனை விலையைச் சேர்த்து எழுதிக் கூடுதல் பிரீமியம் கட்டாதீர்கள்.

தயவுசெய்து, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ரொக்கம் வேண்டாம், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்ற விற்பனையாளருக்கு அதே அளவு அபராதம் உண்டு. வங்கி வழியாகக் கொடுங்கள், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், அதில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "கடலோர மண்டல அறிக்கையில் மேற்படி சர்வே எண்ணில் குடியிருப்புக் கட்ட இயலாது என்று வந்தால் முன்பணம் முழுவதும் 30 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்." விற்பவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் யோசிக்கட்டும். அதுவரை உங்கள் பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.