கலப்பெண்: ‘காம்ப்ளக்ஸ்’ என்றால் கஷ்டம் இல்லை

சேலம் அம்மாப்பேட்டையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் கலப்பெண், அதாவது ‘காம்ப்ளக்ஸ் நம்பர்’ பாடத்தைத் தொடங்கும்போது யாராவது கேட்டுவிடுவார்கள்: “சார், பேர்லயே காம்ப்ளக்ஸ்னு இருக்கே, கஷ்டமாத்தானே இருக்கும்?” நான் திருப்பிக் கேட்பேன்: “ஷாப்பிங் காம்ப்ளக்ஸ்னு சொல்றோமே, அது என்ன கஷ்டமான கடையா?” பல கடைகள் ஒரே கட்டடத்தில் சேர்ந்து இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. எண்ணுக்கும் அதே காரணம்தான்.

காம்ப்ளக்ஸ் என்பது லத்தீன் மொழியின் ‘கொம்ப்ளெக்ஸுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘கொம்’ என்றால் சேர்த்து. ‘ப்ளெக்தெரெ’ என்றால் பின்னுதல், முடைதல். சேர்த்துப் பின்னியது என்பதுதான் வேர்ப்பொருள். புரிந்துகொள்ளக் கடினமானது என்ற பொருள் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது.

சொல்லுக்கு முன்பே எண் வந்துவிட்டது. 1545-இல் இத்தாலியக் கணிதர் கார்டானோ ஒரு கணக்கை எழுதினார்: 10-ஐ இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டையும் பெருக்கினால் 40 வர வேண்டும். விடை 5 + √−15, 5 − √−15. கூட்டினால் 10 வருகிறது. பெருக்கினால் 25 + 15, அதாவது 40. ஆனால் −15-க்கு ஏது வர்க்கமூலம்? 1637-இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்து இப்படிப்பட்ட மூலங்களைக் ‘கற்பனை’ என்று அழைத்தார். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 1831-இல் கலப்பெண் என்ற பெயரை முன்வைத்த ஜெர்மன் கணிதர் காவுஸுக்குக் ‘கற்பனை’ பிடிக்கவில்லை. +1, −1, √−1 மூன்றையும் நேர், எதிர், பக்கவாட்டு அலகுகள் என்று அழைத்திருந்தால் இந்த இருட்டே சூழ்ந்திருக்காது என்று அவர் எழுதினார். ‘பக்கவாட்டு’ என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுபடி வருவோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் கலப்பெண் அல்லது கலப்பு எண் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் சிக்கலெண் என்று படிக்கிறார்கள். நூல் பின்னிக் கிடப்பதையும் சிக்கல் என்கிறோம், அதனால் அதுவும் வேரை ஒட்டிய சொல்தான். ஆனாலும் நெசவாளர் தெருவில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தறிக்காரர் வீட்டில் சிக்கல் என்றால் வேலை நின்றுபோனது என்று பொருள். பிள்ளைகளின் பயத்தையும் அந்தச் சொல் கூட்டிவிடும். வேர்ப்பொருளுக்கு மிக அருகில் இருப்பது ‘பின்னல்’. ஆனால் பின்னலெண் என்று வைத்தால், சின்ன வகுப்பிலிருந்து கூடவே வரும் பின்னத்தோடு குழம்பிப்போகும். ஆகவே கலப்பெண்தான் சரி என்பது என் முடிவு.

ஆனால் இந்தக் ‘கலப்பு’ எப்படிப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். கலப்பு பின்னம் நமக்குத் தெரியும். மூன்றும் அரையும் சேர்ந்தால் 7/2 என்று ஒரே எண்ணாகிவிடும், பாலில் சர்க்கரை கரைகிற மாதிரி. கலப்பெண்ணில் எதுவும் கரைவதில்லை. 3 + 4ஐ என்று எழுதினால் (‘ஐ’ என்பது √−1-க்கான குறி) 3-ம் 4-ம் கடைசி வரை தனித்தனியாகவே இருக்கும். தறியைப் பாருங்கள். பாவு நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை குறுக்கே போகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் துணி. ஆனாலும் எந்த நூலையும் இது பாவு, இது ஊடை என்று காட்ட முடியும். மெய்ப்பகுதியான 3 பாவு, ஐ-யோடு வரும் கற்பனைப் பகுதியான 4 ஊடை. இரண்டு கலப்பெண்கள் சமம் என்றால் மெய்யும் மெய்யும் சமம், கற்பனையும் கற்பனையும் சமம். ஒரே சமன்பாட்டில் இரண்டு சமன்பாடுகள் இருக்கின்றன. கடினமான கணக்குகளில் பாதி இந்த ஓர் உண்மையால் திறந்துவிடும்.

அப்புறம் அந்த ‘ஐ’, அதாவது √−1. இதற்கு ஏற்காட்டுச் சாலையைத்தான் எடுத்துக்கொள்வேன். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் வண்டி திரும்பினால், போன திசைக்கு நேர் எதிராக நிற்கிறோம். அரைச்சுற்று என்பது −1-ஆல் பெருக்குவது. அந்த வளைவின் சரிபாதியில் வண்டியை நிறுத்தினால் எந்தப் பக்கம் பார்க்கிறோம்? பக்கவாட்டில். காவுஸ் சொன்ன பக்கவாட்டு இதுதான். கால்சுற்று என்பது ஐ-ஆல் பெருக்குவது. இரண்டு கால்சுற்று ஓர் அரைச்சுற்று, ஆகவே ஐ × ஐ = −1. இதில் கற்பனை எதுவும் இல்லை. ஒவ்வொரு வளைவும் சரியான அரைச்சுற்று என்று வைத்துக்கொண்டால், 20 வளைவுகளுக்குப் பிறகு எந்தத் திசையைப் பார்த்து நிற்போம் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். −1-இன் 20-ஆம் படி 1, கிளம்பிய திசையேதான்.

எண்ணோடு கோணம் சேர்ந்துவிட்டதால் இங்கே முக்கோணவியலும் வந்துவிடுகிறது. மெய்ப்பகுதியைக் கிடையாகவும் கற்பனைப் பகுதியைச் செங்குத்தாகவும் அளந்து ஒரு கலப்பெண்ணைப் புள்ளியாகக் குறித்தால், பூச்சியத்திலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோட்டின் நீளத்தை மட்டு என்கிறோம். மட்டு என்றாலே அளவு. ‘மாடுலஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் சிறிய அளவு என்றுதான் பொருள். அந்தக் கோடு கிடைக்கோட்டோடு அமைக்கும் கோணத்துக்கு வீச்சு என்று பெயர். ஆங்கில வழியில் படிக்கிறவர்கள் ‘ஆர்க்யுமென்ட்’ என்றதும் வாக்குவாதத்தை நினைத்துக் குழம்புகிறார்கள். கை எவ்வளவு தூரம் வீசியது என்று கேட்டால் போதும், வீச்சு புரிந்துவிடும். பெருக்கினால் மட்டுகள் பெருகும், வீச்சுகள் கூடும். மட்டு 1 ஆக இருந்தால், முப்படிக்கு உயர்த்தும்போது கோணம் மட்டும் மூன்று மடங்காகும். டி மாய்வரின் தேற்றம் சொல்வது இதைத்தான்.

இப்போது பலரும் தாண்டிப் போகிற ஒரு கணக்கு. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று கோணங்கள். அவற்றின் கொசைன்களின் கூடுதல் 0, சைன்களின் கூடுதலும் 0. அப்படியானால் 3ஆல்ஃபா, 3பீட்டா, 3காமா ஆகியவற்றின் கொசைன்களின் கூடுதல், மூன்று கோணங்களையும் கூட்டி வரும் கோணத்தின் கொசைனைப் போல 3 மடங்கு என்று நிறுவ வேண்டும்.

பிள்ளைகள் உடனே மும்மடங்குக் கோணச் சூத்திரத்தை எழுதி விரிக்கத் தொடங்குவார்கள். இரண்டு பக்கம் போன பிறகு, கையில் கொசைன்களின் முப்படிகள் மட்டும் மிஞ்சி நிற்கும். கொடுக்கப்பட்ட இரண்டு நிபந்தனைகளும் தனித்தனி நூல்களாகக் கிடப்பதுதான் தொல்லை. முதலில் அவற்றைச் சேர்த்து நெய்ய வேண்டும். ப = கொசைன் ஆல்ஃபா + ஐ சைன் ஆல்ஃபா என்க. அதே போல பீட்டாவுக்கு ம, காமாவுக்கு ய. மூன்றுக்கும் மட்டு 1, வீச்சு அந்தந்தக் கோணமே. கொசைன்கள் பாவு, சைன்கள் ஊடை. இரண்டு நிபந்தனைகளும் ஒரே வரியாகிவிட்டன: ப + ம + ய = 0.

இனி ஒன்பதாம் வகுப்பு முற்றொருமை போதும். மூன்று எண்களின் கூடுதல் 0 என்றால் அவற்றின் முப்படிகளின் கூடுதல், அவற்றின் பெருக்கலைப் போல 3 மடங்கு: ப³ + ம³ + ய³ = 3பமய. இடப்பக்கம் முப்படி, அதனால் கோணங்கள் மும்மடங்காகின்றன. வலப்பக்கம் பெருக்கல், அதனால் கோணங்கள் கூடுகின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் மெய்ப்பகுதியை மட்டும் உருவி எடுங்கள். கேட்ட விடை அங்கே இருக்கிறது.

ஊடையையும் உருவிப் பாருங்கள். சைன்களுக்கும் அதே முடிவு வந்துவிடும். வினாத்தாளில் அது இரண்டாவது உட்பிரிவாகக் கேட்கப்பட்டிருந்தால், புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.