நசுங்கிய மரையை உள்ளிருந்து வெளியே சரிசெய்வது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றும்போது ஆக்சில் முனையில் சுத்தியலால் நேரடியாக அடித்துவிட்டார்கள். இப்போது நட்டு ஏற மாட்டேன் என்கிறது. முனையில் இரண்டு மூன்று மரைதான் நசுங்கியிருக்கிறது. ஆக்சிலையே மாற்ற வேண்டுமா?"

பெரும்பாலும் வேண்டாம். நட்டை முறுக்கும்போது ஆக்சில் இழுபடும், நட்டு அழுந்தும். இதனால் சுமை எல்லா மரைகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை. நட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் முதல் சுற்று மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. முனைப் பக்கம் போகப் போகப் பங்கு மளமளவென்று குறையும். உங்கள் ஆக்சிலில் அடிபட்டது முனை. நட்டு முழுதாக ஏறியபின் அந்த மரைகள் வெளியே சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போக நட்டுக்கு வழிவிடுவது ஒன்றுதான் அவற்றின் வேலை.

சரி, எப்படிச் சரிசெய்வது? பலரும் உடனே தேடுவது டை, அதாவது தண்டின் மேல் திருகி மரை வெட்டும் கருவி. அதை முனையிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஆனால் முனையில்தான் வழிகாட்ட ஒழுங்கான மரை இல்லையே! மரை என்பது தண்டைச் சுற்றி ஏறும் ஒரே தொடர் பள்ளம். டை கொஞ்சம் சாய்ந்து பிடித்தால், ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்டத் தொடங்கும். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்ட மாதிரி, அதன்பின் வருவதெல்லாம் தப்பாகவே வரும். நல்ல மரையும் சேர்ந்து போகும்.

இதற்கான தீர்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கெட்ட இடத்தில் தொடங்காதே, நல்ல இடத்தில் தொடங்கு. மரை திருத்தும் டை இரண்டு பாதியாகத் திறக்கும். அடிபட்ட பகுதிக்குப் பின்னால், முழுசாக இருக்கும் மரையின் மேல் அதை வைத்து மூடி, எண்ணெய் விட்டு, கழற்றும் திசையில் முனையை நோக்கித் திருக வேண்டும். நல்ல சுற்றுகள் டையைச் சரியான பாதையில் பிடித்துக்கொள்ள, அது நசுங்கிய சுற்றுகளுக்குள் நுழைகிறது. அங்கே உலோகம் பெரும்பாலும் தொலைந்து போயிருக்காது; மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் சரிந்திருக்கும், அவ்வளவுதான். டை அதில் கொஞ்சத்தைத் தள்ளி நிமிர்த்தும், மீதியைச் சீவி எடுக்கும். போல்ட்டை அறுத்துக் குட்டையாக்கும் முன் ஒரு நட்டை ஏற்றிவைத்து, அறுத்தபின் அதைக் கழற்றி முனையை ஒழுங்காக்குவது பட்டறைகளில் பழைய பழக்கம். அதிலும் இதே தத்துவம்தான்.

இப்படி இரண்டாகத் திறக்கும் பிளவு டை கிடைக்காவிட்டால் மரை அரம் போதும். அது ஒரு சதுரக் கம்பி. இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு பக்கம், ஆக எட்டு பிட்ச் (பிட்ச் என்பது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரம்). எம்12, அதாவது 12 மி.மீ. விட்டமுள்ள ஆக்சில் என்றால் பிட்ச் 1.75, 1.5, 1.25 மி.மீ. எதுவாகவும் இருக்கலாம், எனவே முதலில் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். அரத்தைத் தண்டுக்குக் குறுக்காக, அதன் வரிகளில் பாதிக்கு மேல் நல்ல மரையில் உட்காரும்படி வைத்து, தண்டைச் சுற்றிச் சுற்றி ராவ வேண்டும். அரத்தின் வரிகள் நேர்கோடு, மரையோ சாய்வு. ஆனால் எம்12, 1.5 பிட்ச்சில் அந்தச் சாய்வு சுமார் இரண்டரை டிகிரிதான். அரம் தானாகவே அந்த அளவு திரும்பி உட்கார்ந்துகொள்ளும். பள்ளத்தின் ஆழமே ஒரு மில்லிமீட்டருக்குள். அதனால் அழுத்தாமல் ராவினால் போதும்.

நட்டு விரல் பலத்திலேயே ஏறும்வரை ராவுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி முறுக்கினால் மரை "செட் ஆகிவிடும்" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. செட் ஆகாது, நட்டும் சேர்ந்து கெடும். நம்பிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது: ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வாங்கும் அரத்தையும் டாப்பையும் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) மறுநாளே ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்குகிறோம். பல் உடைந்த கருவிக்குப் பொட்டு வைத்து என்ன பயன்? எண்ணெய்த் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

நசுங்கியது சுமை தாங்கும் இடத்தில் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. நல்ல போல்ட்டுகளின் மரை வெட்டப்பட்டதல்ல, உருட்டி அழுத்தி உருவாக்கியது. அந்த அழுத்தத்தில்தான் மேற்பரப்பு இறுகிப் பலம் பெறுகிறது. ராவினால் அந்தத் தோல் போய்விடும். பிரேக், சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராட் போல்ட்டுகளைத் திருத்தவே நினைக்காதீர்கள், புதிதாக வாங்கிவிடுங்கள்.

துளைக்குள் இருக்கும் மரைக்கும் இதே யோசனையில் ஒரு கருவி உண்டு. ஸ்பார்க் பிளக் துளையில் முதல் சில சுற்றுகள் கெட்டுப்போனால், அந்தக் கருவியைச் சுருக்கிய நிலையில் உள்ளே விட்டு, நல்ல மரையை அடைந்ததும் விரித்து, வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டு வருவார்கள். பாதை தவறாது என்பது மட்டுமல்ல, சீவலில் பெரும்பகுதி இன்ஜினுக்குள் விழாமல் கருவியோடு வெளியே வந்துவிடும்.