தொப்புள்கொடி ரத்த வங்கி: லைசென்ஸ் எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை

ஏழாம் மாதம் ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போதே பளபளவென்று ஒரு நோட்டீஸ் கைக்கு வந்துவிடும். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பிள்ளைக்கு நாளை எந்த நோய் வந்தாலும் கவலை இல்லையாம். மாதத் தவணையிலும் கட்டலாம். கையெழுத்துப் போடுமுன் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இந்த வங்கிகள், மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2011 திருத்தம் சேர்த்த 12-டி பகுதிக்குள் வருகின்றன. லைசென்ஸ் இல்லாமல் நடத்த முடியாது. தாயின் ரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் முதலியவற்றுக்குச் சோதனை உண்டு. கொடி ரத்தம் சேகரித்த பையில் பாக்டீரியா, பூஞ்சை வளர்கிறதா, செல்கள் எத்தனை, அவற்றில் உயிரோடு இருப்பவை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ரத்தத்தைத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள்.

சரி, பை சுத்தமானது. அது உங்கள் பிள்ளைக்கே உதவுமா? லைசென்ஸ் அதற்குப் பொறுப்பல்ல. தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயோடு பிறந்த குழந்தை என்றால், பையில் உள்ள ஸ்டெம் செல்களிலும் (புது ரத்தத்தை உருவாக்கும் மூல செல்கள்) அதே மரபணுக் கோளாறுதான் இருக்கும். தன் ரத்தம் தனக்கே தேவைப்படும் வாய்ப்பு முதல் 20 ஆண்டுகளில் 2,500-இல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரைதான் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). 1988-இல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையிலும், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவனுக்கு ஏற்றியது அவன் தங்கையின் கொடி ரத்தம்தான்.

அடுத்தவர் ரத்தம் என்றால் ஆபத்து இல்லையா? உண்டு, ஆனால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையிலிருந்து கொஞ்சம் வேறு மாதிரி. தானம் வந்த செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் சிக்கல் இதில் குறைவு. பையில் செல்கள் கம்மி என்பதுதான் தொல்லை. நோயாளியின் எடையில் கிலோவுக்குச் சுமார் 2.5 கோடி செல்களாவது வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பை பல நேரம் போதாது. புது ரத்தம் ஊறவும் நாளாகும். அதுவரை எந்தக் கிருமி தொற்றினாலும் உயிருக்கே ஆபத்து. இந்த வரியை எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை.

நஞ்சுக்கொடி (பிளசென்டா), தொப்புள்கொடித் திசு, பல்லுக்குள் இருக்கும் கூழ் என்று கூடுதல் பேக்கேஜ் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2017 ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் வணிகரீதியாகச் சேமிக்க அனுமதிப்பது கொடி ரத்தத்தை மட்டும்தான்.

வீட்டில் ஏற்கெனவே தலசீமியா, ரத்தப் புற்றுநோய் மாதிரி மாற்று சிகிச்சை தேவைப்படும் பிள்ளை இருந்தால் கதையே வேறு. அடுத்த பிரசவத்தின் கொடி ரத்தத்தைக் கட்டாயம் யோசிக்கலாம். மகப்பேறு மருத்துவரிடமும் ரத்தநோய் மருத்துவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

யார் சேமித்தாலும், பை நிறையட்டும் என்று கொடியை அவசரமாக இடுக்கிப் போட விடாதீர்கள். குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் குழந்தைக்குள் போகும் ரத்தம் அதன் இரும்புச்சத்துக்கு வேண்டியது. லேபர் வார்டுக்குள் போகுமுன்பே நர்ஸிடம் இதைச் சொல்லி வையுங்கள்.